பழைய காரில் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி 800, ஜென், ஆல்டோ, இண்டிகா, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-ல் வந்த முதல் சான்ட்ரோ, மறைமலை நகரில் தயாரான ஐகான் என்று வயதான கார்கள் தமிழ்நாட்டில் இன்னும் நிறையவே ஓடுகின்றன. வெயில் ஏறியதும் இந்த வண்டிக்காரர்களிடமிருந்து வரும் புகார் ஒன்றுதான்: வண்டி ஹீட் ஆகிறது, ஃபேன் ஓடவில்லை. அதற்குப் பெரும்பாலும் இரண்டு வைத்தியம் சொல்வார்கள். மோட்டாரை மாற்று, இல்லையென்றால் சாவி போட்டதும் நிற்காமல் ஓடும்படி ஃபேனை டைரக்டாகக் கொடு. இரண்டிலுமே ஃபேன் ஏன் நின்றது என்று யாரும் பார்ப்பதில்லை. நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, காரணத்தை வண்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரு பழைய ஹெட்லைட் பல்ப், ஒரு துண்டு ஒயர், சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் காரணத்தை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்கான வழிதான் கீழே இருப்பது. அம்பாசிடர், பத்மினி போல பெல்ட்டில் ஃபேன் சுற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

வண்டி சூடாவதற்கு ஃபேன்தான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். சிக்னலில் நின்றால், நெரிசலில் ஊர்ந்தால் முள் ஏறுகிறது, ரோடு கிடைத்து அறுபதில் போனதும் இறங்கிவிடுகிறது என்றால் சந்தேகம் ஃபேன் மீதுதான். வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நிற்கும்போதுதான் ஃபேன் இல்லாத குறை தெரியும்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடி, பைபாஸில் எண்பது தொட்டால் முள் ஏறுகிறதா? ஃபேனை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கும், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகும். எங்கே போனாலும் சூடாகிறது என்றால் கூலண்ட் குறைவு, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) அடைப்பு, ஹெட் கேஸ்கட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

ஃபேன் எத்தனை டிகிரியில் ஓட ஆரம்பிக்க வேண்டும்?

வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். பொதுவாக தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். ஃபேன் ஏறக்குறைய 92 முதல் 100 டிகிரிக்குள் ஓட ஆரம்பிக்கும். ஐந்தாறு டிகிரி இறங்கியதும் தானாக நிற்கும், மறுபடி ஏறினால் மறுபடி ஓடும். ஆகவே பானெட்டைத் திறந்து பார்க்கும் நேரத்தில் ஃபேன் நிற்பது கோளாறு ஆகாது. காலையில் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால், சின்ன காரில் கால் மணி நேரமோ இன்னும் கொஞ்சமோ ஆகும் முதல் தடவை ஃபேன் சுற்ற. முள் நடுவைத் தாண்டி மேலே போயும் ஃபேன் அசையவில்லை என்றால்தான் கோளாறு.

மீட்டர் முள்ளை முழுசாக நம்பவும் வேண்டாம். பல வண்டிகளில் முள்ளுக்குத் தகவல் கொடுக்கும் சென்சார் வேறு, ஃபேனுக்குக் கொடுப்பது வேறு. இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் தெர்மோஸ்டாட் மூடி மீது ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த டேப்பைக் குறிவைத்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தைக் குறிவைத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

நடுரோட்டில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. முதலில் என்ன செய்வது?

ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் விடுங்கள். அது ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும். மே மாதத்தில் உள்ளே உட்கார முடியாதுதான், ஆனால் என்ஜின் பிழைக்கும். ஓரம் கட்டியதும் என்ஜினை அணைத்துப் பானெட்டைத் திறந்து வையுங்கள்.

ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் நூறு டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும். மூடி தளர்ந்த அந்த நொடியில் அது ஆவியாக முகத்தில் பாயும். மேல் ஹோஸை ஒரு துணியால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால், தடித்த துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கலாம். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்ற வேண்டாம். அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம்.

ஃபேன் ஓடவில்லை என்பது உறுதி. சோதனையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கூலண்டிலிருந்து. எல்லோரும் ஃபியூஸ் பெட்டியைத்தான் முதலில் திறக்கிறார்கள், நான் வேண்டாம் என்பேன்.

ஃபேனுக்குக் கட்டளை கொடுக்கும் ஸ்விட்ச் அல்லது சென்சாரின் நுனி சூடான தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். கூலண்ட் குறைந்து அந்த இடத்தில் காற்று தங்கிவிட்டால், என்ஜின் கொதித்தாலும் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது. ஃபேன் ஓடாது. மோட்டார், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் மின் ஸ்விட்ச்), ஒயர் எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் ஃபேன் நிற்கும். ஹோஸ் மாற்றிய பிறகும் ரேடியேட்டர் வேலைக்குப் பிறகும் காற்றை ஒழுங்காக வெளியேற்றாமல் மூடிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

அதனால் ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து பாருங்கள். கூலண்ட் கழுத்து வரை நிற்க வேண்டும். பக்கத்து டப்பாவில் இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். மூடி ரப்பர் போயிருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். குறைந்திருந்தால் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே ஐடிலில் ஓடவிட்டு, குமிழ் நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஹீட்டரையும் சூட்டில் வைத்தால் அந்தக் குழாயில் இருக்கும் காற்றும் வந்துவிடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். முள் மேலே போனதும் என்ஜினை அணைத்து, ரேடியேட்டரின் கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். மேல் பக்கம் கொதிக்க, கீழ் ஹோஸும் ரேடியேட்டரின் கீழ்ப் பகுதியும் வெதுவெதுப்பாகவே இருந்தால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வரவே இல்லை. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், பம்ப் தள்ளாமல் இருக்கலாம். உங்கள் வண்டியில் ஃபேன் ஸ்விட்ச் ரேடியேட்டரில் இருந்தால், அது குளிர்ந்த தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு ஃபேனை ஓடவிடாது. இங்கே ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் கரண்டுக்கு வாருங்கள்.

ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறது, ஏசி இல்லாமல் ஓடவில்லை. இது எதைக் காட்டுகிறது?

நல்ல செய்தி. பல வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் பிடித்ததும் ரேடியேட்டர் ஃபேனும் ஓட வேண்டும். ஓடுகிறது என்றால் மோட்டாரும் அதற்குப் போகும் தடித்த ஒயரும் நன்றாக இருக்கின்றன. சூட்டை உணரும் பக்கத்தில்தான் கோளாறு. மோட்டார் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சில பழைய வண்டிகளில் ஏசி கண்டென்ஸருக்குத் தனி ஃபேன் உண்டு. ஏசி போட்டால் அது மட்டும் ஓடும். சத்தத்தைக் கேட்டு முடிவு செய்யாமல், எந்த இறக்கை சுற்றுகிறது என்று கண்ணால் பாருங்கள்.

ஃபியூஸும் ரிலேயும் எப்படிப் பார்ப்பது?

ஃபேன் ஃபியூஸ் பொதுவாக 20 அல்லது 30 ஆம்பியர். வெளியே எடுத்துப் பாருங்கள், இடத்தில் வைத்தபடியே பார்ப்பது போதாது. கம்பி அறுந்திருந்தால் சுலபம். கம்பி முழுசாக இருந்து, பிளாஸ்டிக் மட்டும் பழுப்பேறி உருகியிருந்தால் ஃபியூஸ் கால் உட்காரும் கிளிப் லூஸ். அங்கேதான் சூடாகிறது. அந்தக் கிளிப்பைச் சரி செய்யாமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் சில வாரத்தில் உருகும்.

புது ஃபியூஸ் போட்டதும் அறுந்தால் மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. எலி கடித்த ஒயராகவும் இருக்கும். 20 அறுகிறது என்று 30 போடுவது, அதற்குமேல் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவது, இதெல்லாம் வண்டிக்குத் தீ வைக்கும் வேலை. அப்போது ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

ரிலேக்குச் சுலபமான சோதனை, அதே காலமைப்புள்ள இன்னொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்ப்பது. பெரும்பாலும் ஹார்ன் ரிலே ஒத்துப்போகும், மேலே அச்சிட்ட எண்ணையும் படத்தையும் ஒப்பிட்டுவிட்டு மாற்றுங்கள். கட்டளை வரும்போது ரிலே மீது விரல் வைத்தால் ‘டிக்’ என்று தெரியும். அந்த டிக் கேட்டதாலேயே ரிலே நல்லது என்று சொல்ல முடியாது. உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தால் டிக் கேட்கும், கரண்ட் போகாது.

தெர்மோ ஸ்விட்ச், சென்சார் என்று இரண்டு சொல்கிறார்களே, என் வண்டியில் எது? எப்படிச் சோதிப்பது?

கார்புரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் தெர்மோ ஸ்விட்ச். ரேடியேட்டரின் பக்கத்திலோ தெர்மோஸ்டாட் மூடி அருகிலோ திருகியிருக்கும். சூடானால் உள்ளே இரண்டு முனையும் சேரும், அவ்வளவுதான் அதன் வேலை. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு பல வண்டிகளில் அந்த முடிவு என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவின் கைக்குப் போனது. அங்கே இருப்பது சென்சார். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், ஈசியு அதைப் படித்து ரிலேயை இழுக்கும். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் சோதனை தலைகீழ்.

ஸ்விட்ச் என்றால்: அதில் மாட்டியிருக்கும் ஒயர் பிளக்கை, அதாவது கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, கப்ளரின் இரண்டு முனையையும் துண்டு ஒயரால் சேருங்கள். ஒற்றை ஒயர் ஸ்விட்சாக இருந்தால் அந்த ஒயரை என்ஜின் உலோகத்தில் தொடவையுங்கள். ஃபேன் ஓடினால் மற்றதெல்லாம் சரி, ஸ்விட்ச்தான் போயிருக்கிறது.

சென்சார் என்றால் முனைகளைச் சேர்க்க வேண்டாம். என்ஜினை ஓடவிட்டுக் கப்ளரை மட்டும் கழற்றுங்கள். சூட்டைப் பற்றித் தகவல் இல்லாமல் போனால் பெரும்பாலான ஈசியுக்கள் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிட்டுவிடும். ஓடினால் மோட்டாரும் ரிலேயும் நல்லவை. செக் என்ஜின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம்.

கழற்றிய ஸ்விட்சை அடுப்பங்கரையிலும் சோதிக்கலாம். சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஸ்விட்சின் பித்தளை நுனி மட்டும் முங்கும்படி கம்பியில் தொங்கவிடுங்கள். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து முனைகளில் மாட்டுங்கள். 92 அல்லது 95 என்று பொறித்த ஸ்விட்ச் என்றால், தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பிக்கும் முன்பே பீப் வர வேண்டும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் பீப் நிற்க வேண்டும். நன்றாகக் கொதித்தும் சத்தமே இல்லையென்றால் ஸ்விட்ச் முடிந்தது. நூறுக்கு மேல் பொறித்த ஸ்விட்சை இப்படிச் சோதிக்க முடியாது, வெறும் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது. சென்சாரையும் இதே பாத்திரத்தில் பார்க்கலாம்: சாதாரண அறைச் சூட்டில் ஏறக்குறைய 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம், இடையில் குதிக்காமல் சீராக இறங்க வேண்டும். இது பல வண்டிகளுக்குப் பொதுவான அளவு. உங்கள் மாடலின் கையேட்டில் வேறு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது, விஷம். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், பாத்திரத்தைச் சமையல் பாத்திரங்களோடு சேர்க்காதீர்கள்.

மோட்டார் போயிருக்கிறதா என்று உறுதியாக எப்படிச் சொல்வது?

மோட்டாருக்கு வரும் கப்ளரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். ஒயர் தடித்ததாக இருக்கட்டும், பாசிட்டிவ் பக்கம் ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ் சேர்த்துக்கொள்ளுங்கள், கையும் சட்டையும் இறக்கைக்கு எட்டாமல் இருக்கட்டும். எப்படி ஓடுகிறது என்றும் பாருங்கள். பட்டென்று கிளம்பி முழு வேகம் எடுத்தால் நல்ல மோட்டார். தயங்கி, முனகி, மெதுவாகச் சுற்றினால் கார்பன் பிரஷ்ஷோ, தண்டைத் தாங்கும் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது.

அசையவே இல்லையென்றால், கரண்ட் கொடுத்தபடியே மோட்டாரின் பின்பக்கத்தை ஒரு கட்டையால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடுகிறதா? கார்பன் பிரஷ் கடைசிக்கட்டத்தில் இருக்கிறது. இன்றைக்கு ஓடும், நாளைக்கு எங்காவது நெரிசலில் நிற்கும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கார்பனும் புஷ்ஷும் மாற்றித் தருவார். புது மோட்டார் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

கையால் சுற்றிப் பார்ப்பதற்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் சூடு இருந்தால் ஃபேன் தானாகக் கிளம்பும்.

மோட்டார் கப்ளரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் ஃபேன் ஓடவில்லையே?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மோட்டாரை மாற்றி ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது. நூறு இழையில் ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரும் அதனிடம் 12 வோல்ட் காட்டிவிடும். மோட்டார் பத்து ஆம்பியர் பக்கம் கேட்கும்போதுதான் அந்த ஒயரின் சாயம் வெளுக்கும்.

அதற்குத்தான் பழைய ஹெட்லைட் பல்ப். 55 வாட் பல்ப் நாலரை ஆம்பியர் இழுக்கும். மோட்டார் கப்ளரின் இரண்டு முனையிலும் அதை மாட்டி, ஃபேனை ஓடவைக்கும் கட்டளையைக் கொடுங்கள். கண் கூசும்படி எரிந்தால் கரண்ட் ஒழுங்காக வருகிறது, குற்றவாளி மோட்டார்தான். மங்கலாகச் சிவந்தால் வழியில் எங்கோ தடை.

தடை பாசிட்டிவிலா எர்த்திலா? பல்ப் எரியும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், இன்னொன்றை ஃபேனின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் எர்த் துருப்பிடித்திருக்கிறது. பாசிட்டிவ் பக்கமும் இதே முறை: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபேனின் பாசிட்டிவ் வரை, அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வெறும் 0.3 ஓம் தடை போதும், பத்து ஆம்பியரில் மூன்று வோல்ட் காணாமல் போகும். போன அந்த 30 வாட் கப்ளருக்குள் சூடாக உட்கார்ந்து பிளாஸ்டிக்கை உருக்கும். கப்ளர் கறுத்திருந்தால் இதுதான் கதை.

சென்னை, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் எர்த் போல்ட்டை நான் முதலில் சந்தேகப்படுவேன். கழற்றி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் போதும்.

ஃபேன் ஓடத்தான் ஓடுகிறது. ஆனாலும் நின்றால் சூடாகிறது. ஏன்?

முதலில் திசையைப் பாருங்கள். மோட்டார் மாற்றியபோது ஒயரைத் திருப்பி மாட்டியிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றி, என்ஜின் சூட்டையே ரேடியேட்டர் மீது ஊதும். ஒரு செய்தித்தாள் துண்டை கிரில் முன்னால் பிடியுங்கள். தாள் உள்பக்கமாக இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே படபடத்துத் தள்ளினால் ஒயரை மாற்றி மாட்டுங்கள்.

தாள் ஒட்டாமல் சோம்பலாக ஆடினால் ஃபேனுக்கு வோல்ட் குறைவு, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். இரண்டு வேகம் உள்ள ஃபேனாக இருந்தால் ரெசிஸ்டர் எரிந்து ஒரு வேகமே இல்லாமல் போயிருக்கலாம். அப்புறம், ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா? ரேடியேட்டர் வேலையின்போது கழற்றி, ‘இது எதுக்கு’ என்று போடாமல் விட்டுவிடுவார்கள். கூடு இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும், மீதி ரேடியேட்டர் சும்மா நிற்கும். ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண், பூச்சி, பஞ்சு எல்லாம் அங்கேதான் சேரும்.

வெளியே எல்லாம் சுத்தம் என்றால் அடைப்பு உள்ளே. வருடக்கணக்காக உப்பு போர் தண்ணீர் குடித்த ரேடியேட்டரில் குழாய்கள் வெள்ளையாகப் படிந்து மூடிவிடும். எத்தனை ஃபேன் போட்டாலும் அதற்குப் பதில் ஆகாது.

மெக்கானிக் ஃபேனை டைரக்டாகக் கொடுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

ஊர் போய்ச் சேர்வதற்கு, அன்றைக்கு மட்டும், செய்யலாம். நிரந்தரமாக வேண்டாம்.

சாவி ஒயரிலிருந்து மெல்லிய ஒயர் இழுத்து நேராக ஃபேனுக்குக் கொடுப்பதுதான் வழக்கமான ‘டைரக்ட்’. அந்த ஒயரும் சாவி ஸ்விட்சும் ஃபேனின் கரண்டைத் தாங்க வடிவமைத்தவை அல்ல. கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நாளாக ஆக சாவி ஸ்விட்ச் கருகும், டேஷ்போர்டுக்குள் ஒயர் உருகும். நிற்காமல் ஓடும் மோட்டாரின் கார்பனும் சீக்கிரம் தேயும். எல்லாவற்றையும்விட மோசம் என்னவென்றால், உண்மையான கோளாறு மறைந்துவிடும். கூலண்ட் மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தாலும் ஃபேன் ஓடும் சத்தத்தில் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

வழியே இல்லை, அந்த மாடலுக்கு ஸ்விட்ச் கிடைக்கவில்லை என்றால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், தடித்த ஒயர், தனி ரிலே வைத்து, ரிலேயை மட்டும் டேஷ்போர்டு பட்டனால் இயக்கும்படி செய்யச் சொல்லுங்கள். கிடைக்கும் வேறொரு தெர்மோ ஸ்விட்சை அடாப்டர் வைத்துப் பொருத்துவது இன்னும் நல்லது. பட்டன் என்றால் ஒரு நாள் போட மறப்பீர்கள், வீட்டில் வேறு யாராவது ஓட்டினால் அவர்களுக்குத் தெரியாமலே போகும்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டால் சூடு குறையும் என்கிறார்களே?

கழற்றாதீர்கள். கோளாறுள்ள தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். அது இல்லாத என்ஜின் நெடுஞ்சாலையில் போதிய சூட்டுக்கே வராது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஈசியு ‘என்ஜின் இன்னும் குளிர்’ என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும். சில என்ஜின்களில் அதே வால்வுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், நெரிசலில் சூடு முன்பைவிட ஏறும்.

ஊரில் ஒன்றுமில்லை. ஊட்டி ஏறும்போது மட்டும் கொதிக்கிறது. ஃபேன் ஸ்விட்ச் லேட்டா?

இருக்கலாம், ஆனால் முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது முதல், இரண்டாம் கியரில் என்ஜின் முக்கி முக்கி இழுக்கிறது, எதிர்காற்றோ இல்லை. ஃபேனுக்கு அதைவிடக் கடுமையான வேலை கிடையாது. அதோடு உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

நல்ல மூடி 0.9 பார் பக்கம் அழுத்தத்தைப் பிடித்து, கொதிநிலையை இருபது டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. ரப்பர் வெடித்த மூடி எதையும் பிடிக்காது. அப்போது 95-ல் ஃபேனை ஓடவிடும் நல்ல ஸ்விட்ச் இருந்தும் பயனில்லை. ஃபேன் கிளம்பும் முன்பே தண்ணீர் கொதித்து வெளியேறிவிடும். சரியான அழுத்தம் அச்சிட்ட புது மூடி, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட், ஏற்றத்தில் ஏசி அணைப்பது, இந்த மூன்றையும் செய்தபின் இன்னும் கொதித்தால் ஸ்விட்சையும் ரேடியேட்டர் அடைப்பையும் பாருங்கள்.

வெள்ளத் தண்ணீரில் வண்டியை ஓட்டிய பிறகு ஃபேன் நின்றுவிட்டது. சரியாகுமா?

2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நிறைய வண்டிகள் முங்கின. சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் தண்ணீரில் மாட்டினால் இறக்கை வளையும், மோட்டார் திணறி ஃபியூஸ் அறும். ஃபியூஸ் மட்டும் என்றால் அதிர்ஷ்டம். சேற்றுத் தண்ணீர் மோட்டாருக்குள் போயிருந்தால் உடனே ஓடும், சில வாரம் கழித்துத் துருப்பிடித்து இறுகும். கப்ளர்களைத் திறந்து காயவைத்து, மோட்டாரை ஒரு தடவை பிரித்துச் சுத்தம் செய்வது நல்லது.

ஃபேன் நிற்காமலே ஓடுகிறதே, அதுவும் கோளாறா?

ஆம். ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், சென்சார் ஒயர் அறுந்திருக்கும், அல்லது முன்னால் வைத்திருந்தவர் டைரக்டாகக் கொடுத்திருப்பார். ரிலேயைப் பிடுங்கிப் பாருங்கள். அதன்பிறகும் ஓடினால் டைரக்ட்தான்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய மோட்டார் வாங்கலாமா?

உற்பத்தி நின்ற மாடல்களுக்குப் பல நேரம் அதுதான் வழி, நான் தடுக்க மாட்டேன். கடையிலேயே பேட்டரியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்தது. உங்கள் பழைய இறக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள். தண்டின் அளவும் சுற்றும் திசையும் ஒத்துப்போக வேண்டும்.

ஃபேனைச் சரி செய்துவிட்டேன். ஆனால் அதற்குள் இரண்டு மூன்று தடவை நன்றாகக் கொதித்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ?

போயிருக்க வாய்ப்பு உண்டு, பார்த்துவிடுவது நல்லது. காலையில் குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். காற்றுப் பிடித்திருந்தால் குமிழ் கொஞ்ச நேரத்தில் நிற்கும். நிற்காமல் வந்துகொண்டே இருந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கூடினால் சிலிண்டர் புகை கூலண்டுக்குள் கசிகிறது. ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம், சைலன்ஸரில் என்ஜின் சூடான பிறகும் தொடரும் வெள்ளைப் புகை, எங்கும் ஒழுகாமல் குறையும் கூலண்ட் ஆகியவையும் அதே பக்கம் கைகாட்டும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். தினமும் காலையில், குளிர்ந்த வண்டியில், டப்பாவில் கூலண்ட் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கோடு இறங்கிக்கொண்டே போனால் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால், புது கேஸ்கட் போடும் முன் ஹெட்டின் மட்டத்தை அளந்து, கோணியிருந்தால் லேத்தில் சமன் செய்த பிறகே பூட்டச் சொல்லுங்கள்.